விடை 'சி'

என் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மாதம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு மல்லசமுத்திரம் வந்து சேர்ந்தான். கல்யாணப் பேச்சுக்கு இசைந்துதான் வந்திருக்கிறான் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பார்த்தால், பரீட்சைக்குப் படிக்க வந்தானாம். முப்பது வயசு ஆகப்போகிற பிள்ளைக்கு இன்னும் என்னடா பரீட்சை என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? இரண்டு வருஷம் கல்லூரி பெஞ்சைத் தேய்த்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

அவனே விளக்கினான். வங்கிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், மின்சார நிலையத்தார் எல்லோரும் தங்கள் கணக்கையும் ரகசியத்தையும் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறார்கள். அவை திருட்டுப் போகாமலும் கெட்டுப் போகாமலும் காவல் காப்பது இப்போது ஒரு தனி உத்தியோகம். தகவல் பாதுகாப்பு என்று பெயர். அந்த உத்தியோகத்தில் மேலே ஏறுவதற்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பார்கள். அமெரிக்காவில் 1989-இல் ஏற்பட்ட ஐ.எஸ்.ஸி.2 என்ற சங்கம் 1994 முதல் அந்தப் பரீட்சையை நடத்தி வருகிறது. கட்டணம் 749 டாலர். நம் பணத்தில் அறுபதினாயிரம் ரூபாய்க்கு மேலே போகிறது.

"ஒரு தடவை தவறினா மறுபடியும் கட்டோணுமுங்க மாமா" என்றான்.

அந்தத் தொகைக்கு எங்கள் ஊர் விசைத்தறிக்காரர் எத்தனை நாள் இரவும் பகலும் தறி ஓட்ட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அதற்குள் அவன் பெட்டியைத் திறந்து, தலையணை பருமனில் ஒரு காகிதக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தான்.

"நீங்க கேள்வியைப் படியுங்க. நான் விடை சொல்றேன்."

சரி, நம்மால் ஆன உதவி என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தேன். கம்ப்யூட்டர்கள் இருக்கிற அறையில் தீப்பிடித்துவிட்டது, முதன்முதலில் என்ன செய்ய வேண்டும் என்கிற மாதிரிக் கேள்வி. 'தீப்பிடித்து' என்பதற்கு மேலே நான் போகவில்லை.

"சி" என்றான்.

சரியான விடைதான். கட்டிலும் சி என்றுதான் போட்டிருந்தது. அடுத்த கேள்வி. நாலு வார்த்தை வாசித்தேன். "ஏ" என்றான். அதுவும் சரி. இப்படியே நாற்பது கேள்வி. இரண்டோ மூன்றோதான் தவறின. எனக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எதையும் கொஞ்சம் மாற்றி வைத்துப் பார்க்காமல் தூக்கம் வராது. மறுபடியும் தீப்பிடித்த கேள்விக்கே போனேன். இந்த முறை நாலு விடைகளையும் வரிசை மாற்றி வாசித்தேன்.

"சி" என்றான்.

"சரியாக் கேட்டுட்டுச் சொல்லு மாப்பிள்ளை."

"சி தானுங்க மாமா. அது எனக்கு நல்லாத் தெரியும்."

நான் மாற்றிய வரிசைப்படி ஏ என்பது, அறைக்குள் இருக்கிற ஆட்களை வெளியேற்றுவது. சி என்பது, கரியமில வாயுவைத் திறந்துவிட்டுத் தீயை அணைப்பது. உள்ளே ராத்திரி ஷிப்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால், என் மருமகன் தீயை அணைத்துவிட்டு அவர்களையும் அணைத்திருப்பான். கம்ப்யூட்டர் பிழைத்திருக்கும்.

அவனுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பரீட்சையில விடையைக் கண்ணால பார்த்தா ஞாபகம் வந்துடுமுங்க" என்று முணுமுணுத்தான்.

இந்தக் காகிதக் கட்டு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். இதற்கு 'டம்ப்' என்று பெயராம். முன்னால் பரீட்சை எழுதியவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வந்து கொட்டிய கேள்விகள். அவற்றை வாங்கித் தொகுத்து விடையும் சேர்த்து விற்பதற்கு வியாபாரிகள் இருக்கிறார்கள். இவன் நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறான். கூட வேலை செய்கிற அத்தனை பேரும் வாங்கியிருக்கிறார்களாம்.

இதில் என்ன தப்பு, பழைய கேள்வித்தாளைப் பார்த்துப் படிப்பது எந்தக் காலத்தில் குற்றமாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் பழைய கேள்வித்தாள் வாங்கிப் படித்தவன்தான். ஆனால் அவை சர்வகலாசாலை தானே அச்சுப் போட்டுக் கடையில் விற்றவை. இங்கே சமாசாரம் வேறு. இந்தப் பரீட்சைக்குப் போகிறவன், முதல் கேள்வி கண்ணில் படுமுன் ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும், இங்கே பார்த்த கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று. ஒப்புக்கொள்ள மறுத்தால் பரீட்சையே கிடையாது. ஆகவே அந்தக் கட்டில் இருக்கிற ஒவ்வொரு கேள்வியும் ஒருவன் வாக்குத் தவறியதால் வந்தது. பரீட்சையோ, பிறர் ரகசியத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவன் யார் என்று பார்க்கிற பரீட்சை! காவல்காரன் வேலைக்கு மனுப் போடப் போனவன் வாசல் வழியாகப் போகாமல் கன்னம் வைத்து உள்ளே நுழைந்தானாம். அவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

என் மருமகனைத் தனியாகக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவன் எங்கள் நாமக்கல் ஜில்லாவின் பிள்ளை. முட்டைக்கும் கோழிப் பண்ணைக்கும் எப்படிப் பேர் வாங்கினோமோ அப்படியே விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பேர் வாங்கினோம். பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைக்கிற பள்ளிகள் இந்தப் பக்கத்தில் கொடிகட்டிப் பறந்தன. 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பேர் வைத்தார்கள். பேர் வைத்துக்கொண்டே தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் அரசாங்கம் ராங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திற்று. அடுத்த மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை வைத்துப் பார்த்தது. சில வருஷங்களில் அதையும் கைவிட்டுவிட்டார்கள். சட்டம் வந்தது, போயிற்று. "பரீட்சகருக்கு என்ன வேணும்? அதை மட்டும் கொடு" என்று பதினைந்து வயசில் பையன் மண்டையில் ஏற்றிய பாடம் மட்டும் போகவில்லை. இன்னும் எத்தனை பரீட்சை எழுதினாலும், பரீட்சகர் என்பவர் கிடாய் கேட்கிற முனியப்பன்தான் அவனுக்கு. எந்தக் கிடாய் என்று தெரிந்தால் போதும்.

பரீட்சகருக்கு என்னதான் வேண்டுமாம்? எனக்கு ஆசை விட்டபாடில்லை. அவனுடைய உண்மையான பாடப் புஸ்தகங்களை (அவையும் பெட்டியில் இருந்தன, அட்டை மடங்காமல்) எடுத்து வைத்துக்கொண்டு நாலைந்து நாள் வாசித்தேன். யந்திர விஷயங்கள் பாதிக்கு மேல் புரியவில்லை. கேள்விகள் எப்படிப்பட்டவை என்பது புரிந்தது. புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கேள்விகளைப் போடுகிறவர்கள் வாத்தியார்கள் இல்லை. அதே உத்தியோகத்தில் இருந்து அதே சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் கூடி உட்கார்ந்து எழுதுகிறார்கள். நாலு விடை கொடுத்தால் மூன்று முழுப் பொய்யாக இருப்பதில்லை. பல சமயம் நாலுமே செய்யத் தக்க காரியங்கள்தான். 'முதலில் எது?', 'எல்லாவற்றிலும் நல்லது எது?' என்றுதான் கேட்கிறார்கள். தீப்பிடித்தால் வாயுவைத் திறப்பதும் வேண்டியதுதான், மேலதிகாரிக்குச் சொல்வதும் வேண்டியதுதான், கணக்கின் நகல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டியதுதான். எது முந்தி? மனுஷ உயிர். கெட்டிக்காரன் அவசரத்தில் எந்தத் தப்பைச் செய்வானோ அதைத்தான் தவறான விடையாகப் பொறுக்கி வைக்கிறார்கள். இந்த வேலையின் நயம் எனக்குப் பிடித்திருந்தது. வில்லன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வில்லனை வைத்து யார் வேண்டுமானாலும் நாவல் எழுதலாம். நல்லவனைப் போலவே நடமாடுகிற வில்லனைப் படைப்பதுதான் சிரமம்.

பரீட்சை நடக்கிற விதமும் விசித்திரம். எல்லோருக்கும் ஒரே தாள் கிடையாது. மூன்று மணி நேரம். 100-லிருந்து 150 கேள்வி வரை வரலாம். நீ சொன்ன விடையைப் பார்த்துக்கொண்டு யந்திரம் அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினமாகக் கேட்கும், தவறினால் ஒரு படி இறங்கும். உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்றால் நிறுத்திக்கொள்ளும். போன கேள்விக்குத் திரும்பிப் போய் விடையைத் திருத்த முடியாது. பெண் பார்க்க வருகிற வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேட்டுக்கொண்டு போவார், பாருங்கள், அந்த மாதிரி. இதிலே 25 கேள்விகள் மார்க்குக்கே சேராதவை. எதிர்காலத்துக்காகப் போட்டுப் பார்க்கிறவை. எவை என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது.

தேறிய பிறகும் சர்ட்டிபிகேட் கைக்கு வருவதில்லை. ஐந்து வருஷம் இந்த வேலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஏற்கனவே அந்தச் சங்கத்தில் இருப்பவர் ஒருவர் இவனுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். நாலு தர்மங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது, சமுதாயத்தையும் பொது நன்மையையும் காப்பது. இரண்டாவது, நேர்மையாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் நடப்பது. மூன்றாவது, வேலை கொடுத்தவருக்குத் திறமையாக உழைப்பது. நாலாவது, தொழிலின் பேரைக் காப்பது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இந்த வரிசைப்படிதான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சம்பளம் கொடுக்கிற முதலாளி மூன்றாவது இடத்தில் இருக்கிறார், கவனித்தீர்களா? நம் ஊரில் எத்தனை உத்தியோகத்துக்கு இப்படி வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு பரீட்சை சிசா என்பது. 1978-இலிருந்து இருக்கிறது, கம்ப்யூட்டர்க் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவர்களுக்கு. தானே கட்டிய வீட்டுக்குத் தானே சோதனை அதிகாரியாகப் போகாதே என்பதைத்தான் அங்கே விதம்விதமாகக் கேட்கிறார்கள். மூன்றாவது ஒன்று, ஓ.எஸ்.சி.பி. இதில் ஏ, பி, சி கிடையாது. ஏறத்தாழ ஒரு முழு நாள், காமிரா பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் வைத்திருக்கிற யந்திரங்களின் பூட்டை உடைத்துக் காட்ட வேண்டும். காவல்காரனுக்குத் திருடன் வழி தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு மேலே இன்னொரு 24 மணி நேரம் கொடுக்கிறார்கள், செய்ததை அறிக்கையாக எழுத. அறிக்கையைப் படிக்கிற இன்னொருவன் அதை வைத்துக்கொண்டு படிப்படியாக அதையே செய்து பார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால், பூட்டை உடைத்திருந்தாலும் மார்க் போய்விடும். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பரீட்சகர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தெளிவாக எழுதாததற்கு மார்க் குறைக்கிற மகானுபாவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்களே! (நம் விமர்சகர்கள் இதற்கு நேர் எதிரான கொள்கை உடையவர்கள். அது இருக்கட்டும்.)

மல்லசமுத்திரத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கும். வியாபாரிகள் வெளியூர்களிலிருந்து வருவார்கள். அவர்கள் மூட்டையின் மேலாக இருப்பதைப் பார்த்து விலை எழுதுவதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார்கள். விரலில் இழுத்துப் பார்ப்பார்கள், இழை எவ்வளவு வருகிறது என்று. உள்ளங்கையில் அமுக்கிப் பார்ப்பார்கள், ஈரம் உண்டா என்று. சருகும் தூசியும் கலந்திருந்தால் கொட்டுப் பருத்தி என்று தள்ளிவிடுவார்கள், விலை நன்றாக இறங்கிவிடும். மேலே நல்ல பருத்தியும் அடியில் நனைத்த பருத்தியும் வைத்த கதைகள் எல்லாச் சந்தையிலும் உண்டு. எங்கள் ஊர்மேல் மட்டும் பழி போட வேண்டாம். பரீட்சகர் செய்ய முயல்வதும் இதுதான், மூட்டைக்குள்ளே கையை விடுவது. டம்ப் வியாபாரி செய்வது, அவர் கை எந்த இடத்தில் நுழையும் என்று முன்கூட்டி விசாரித்து அந்த இடத்தில் மட்டும் நல்ல பருத்தியைத் திணித்துக் கொடுப்பது. மூட்டை விற்றுப் போகும். ஆலைக்குப் போய்ப் பிரித்த பிறகுதான் இருக்கிறது கூத்து.

பிரித்துப் பார்த்த கதைகள் இரண்டு மூன்று சொல்கிறேன். 2016 பிப்ரவரியில் வங்காளதேச ரிசர்வ் வங்கிக்குள் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்தார்கள். நியூயார்க்கில் இருந்த அந்த நாட்டுப் பணத்திலிருந்து 95 கோடி டாலருக்கு மேலாக எடுக்கச் சொல்லி உத்தரவுகள் போயின. ஒவ்வொரு உத்தரவும் போகும்போதும் வரும்போதும் தானாக அச்சாகிற பிரிண்டர் ஒன்று உண்டு. அதைத் திருடர்கள் முதலில் முடக்கினார்கள். காலையில் வந்த ஊழியர்கள் பார்த்தார்கள், பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. எப்படித் தெரியுமா? வாங்குகிற ஸ்தாபனத்தின் பேரில் 'பவுண்டேஷன்' என்பதைத் திருடன் 'பாண்டேஷன்' என்று தப்பாக எழுதியிருந்தான். அந்த எழுத்துப் பிழையைக் கண்டு ஒருவருக்குச் சந்தேகம் வந்து விசாரித்தார்கள், பணம் நின்றது. புரூப் பார்க்கிறவர்களைக் கேலி செய்யும் பிரசுரகர்த்தர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

இரண்டே வருஷத்தில் அதே வழியில் நம் கும்பகோணத்துக்கே வந்தார்கள். சிட்டி யூனியன் வங்கி, 1904-இல் கும்பகோணம் வங்கி என்று ஆரம்பித்தது. 2018 பிப்ரவரி 7 அன்று காலையில் கணக்கை ஒத்துப் பார்க்கும்போது, தாங்கள் அனுப்பாத மூன்று வெளிநாட்டுப் பட்டுவாடாக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 20 லட்சம் டாலர். உடனே எல்லா இடத்துக்கும் சொல்லி ஒன்றைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். இதிலே எனக்கு ஒரு சந்தோஷம். கண்டுபிடித்தது எந்த மாயக் கருவியும் இல்லை. விடிந்ததும் நேற்றையக் கணக்கை உட்கார்ந்து ஒத்துப் பார்க்கிற பழைய வழக்கம்.

பிரிண்டர் ஓடவில்லை, முதலில் என்ன செய்வாய்? டம்ப் படித்தவன் இதற்கு என்ன சொல்வான்? இந்தக் கேள்வி அவன் கட்டில் இருந்தால் எழுத்தைச் சொல்வான். இல்லாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவான். எந்தச் சின்னக் கோளாறையும், 'இது ஏன் இன்றைக்கு?' என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கிற புத்தி இருக்கிறதா என்பதைத்தான் பரீட்சகர் தேடுகிறார். அதை நாலாயிரம் ரூபாய்க்கு எந்தக் கடையில் விற்கிறார்கள்?

இன்னொன்றையும் தேடுகிறார்கள். தவறு நடந்தால் யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் யந்திரங்களை இயக்குகிற கம்ப்யூட்டர்கள்மீது தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாள் அணுமின் கழகம் சொல்லிற்று: கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் விஷ நிரல் புகுந்திருந்தது உண்மைதான், நிர்வாக வேலைக்காக வெளியுலகத்தோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர் அது, நிலையத்தை இயக்குகிற பகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டது என்று. இரண்டு அறிக்கையும் வார்த்தைக்கு வார்த்தை மெய்யாகவே இருக்கட்டும். முதல் அறிக்கையைப் படித்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய திருநெல்வேலிச் சீமைக்காரர் மறுநாள் காலையில் என்ன நினைத்திருப்பார்? மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டியவரை முதல் இடத்தில் வைத்தால் இப்படித்தான் அறிக்கை எழுத வரும்.

பரீட்சகர்கள் பக்கம் குறையே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் 749 டாலர் வாங்குகிறவர்கள், அந்தப் பணம் மல்லசமுத்திரத்தில் என்ன என்று யோசித்துப் பார்த்திருப்பார்களா? ஒரு தடவை தவறினால் குடும்பத்துக்கே அடி விழும் என்கிறபோது பையன் குறுக்கு வழி தேடுவான். அதற்கு அவர்களும் பொறுப்பாளிகள். பரீட்சை தமிழில் கிடையாது. 'முதலில்', 'மிகச் சிறந்தது', 'மிகக் குறைவானது' என்று இங்கிலீஷ் அடைமொழிகளின் நூலிழை வித்தியாசத்தில் கேள்வி நிற்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை பாதுகாப்பு தெரியாமல் தவறவில்லை, இங்கிலீஷின் நெளிவு சுளிவு தெரியாமல் தவறுகிறான். இந்தத் தொழிலின் வேறு சில பரீட்சைகளில், முழுக்க முழுக்கக் கருவியின் பேரும் சுருக்கெழுத்தும்தான் கேட்கிறார்கள் என்று என் மருமகன் சொன்னான். பேர் கேட்டால் பேரை உருப்போடத்தான் செய்வார்கள்.

எல்லோரைக் காட்டிலும் எனக்குக் கோபம் வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர்கள்மீதுதான். ஐந்து வருஷ அனுபவம் இல்லாவிட்டால் கிடைக்காத சர்ட்டிபிகேட்டை, அன்றைக்குக் காலேஜை விட்டு வந்த பையனுக்கான விளம்பரத்தில் 'தேவை' என்று போடுகிறார்கள். போட்டவருக்கு அது என்னவென்றே தெரியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பேருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிச் சம்பளம் போட்டால், எழுத்து விற்கிறவன் கடை போடாமல் என்ன செய்வான்? கையை மூட்டைக்குள் விடுகிற சிரமம் அவர்களுக்கும் உண்டு. பக்கத்தில் உட்கார்த்திவைத்து அரைமணி நேரம் பேசினால் போதும், நான் செய்த மாதிரி வரிசையை மாற்றிக் கேட்டால் போதும். செய்வதில்லை.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் உத்திரமேரூரில் இதைச் செய்திருக்கிறார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் வருஷத்தவை. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க விதி எழுதி வைத்தார்கள். வயசு 35-க்கு மேலே 70-க்குள்ளே. வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஜாதிக் கட்டும் சொத்துக் கட்டும் அதில் இருக்கின்றன, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் அதிலே ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையில் பேரே எழுதப்படத் தகாதவர்கள். படிப்பைக் கேட்டவர்கள் படிப்போடு நிற்கவில்லை. கையில் பொறுப்பு இருந்தபோது என்ன செய்தான் என்று கேட்டார்கள். அமெரிக்கச் சங்கத்தார் ஐந்து வருஷமும் ஒரு சாட்சியும் கேட்கிறார்களே, அது ஏதோ வெள்ளைக்காரன் பிடிவாதம் என்று நம் பையன்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாட்சிக் கையெழுத்தையும் சிநேகிதனிடம் ஒரு காபிக்கு வாங்கிவிடலாம் என்று தைரியம் சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

இவ்வளவையும் இரண்டு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து என் மருமகனிடம் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்ததால், சண்டை போடுகிறோம் என்று நினைத்து அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் ஒன்று கேட்டான்.

"நீங்க சொல்றது எல்லாம் வாஸ்தவந்தானுங்க மாமா. என் பக்கத்து சீட்டுக்காரன் இதே கட்டைப் படிச்சுத்தான் போன வருஷம் பாஸ் பண்ணினான். இப்ப அவன்தான் எனக்கு மேலதிகாரி. அவன்கிட்டத்தான் நான் லீவு கேட்டுட்டு வந்திருக்கறேன். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

இதற்கு ஏ, பி, சி, டி என்று நாலு விடை என்னிடம் இல்லை. "நீ ஆறு வருஷம் இந்த வேலை பார்த்திருக்கிறாய் கண்ணு. அந்தக் கட்டை வைத்துவிட்டு, அந்த ஆறு வருஷத்தில் உன் கண்ணெதிரே நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார். எதை முதலில் செய்தீர்கள், எதைச் செய்திருக்க வேண்டும் என்று எழுதிப் பார்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்கி வந்தான். இரண்டு நாள் ஏதோ எழுதினான். மூன்றாம் நாள் சேலம் பஸ் ஏறிவிட்டான். பரீட்சை மூன்று மாதம் கழித்து என்று தேதியைத் தள்ளி வைத்திருக்கிறானாம்.

காகிதக் கட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். முறுக்கு மடிக்க ஆகும் என்று அக்கா அதைப் பரண்மேல் போட்டிருக்கிறாள். அதன் நகல் அவன் போனில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.